கயித்தை விட்ட வெயிலுகந்தா

ஒரு ஊர்ல வெயிலுகந்தான்னு ஒருத்தி இருந்தா. ஊருன்னா நம்ம ஊரு மாதிரி இல்ல. ரொம்ப ரொம்ப தூரத்துல வேற ஒரு சூரியன் இருக்குல்ல, அதை ஒட்டிக்கிட்டு சுத்துற பெரிய்ய உருண்டை. நம்ம பூமி மாதிரி ஆயிரத்தை உள்ள போட்டு மூடிடலாம். ஆனா அந்தப் பெருசுக்கு ஏத்த கனம் கிடையாது. எண்ணெய்ல போட்ட பூரியாட்டம் உப்பிக்கிட்டு நிக்கும். அடுப்புக்கு அவ்ளோ பக்கத்துல உக்காந்தா உப்பாம என்ன செய்யும்? எங்க பாத்தாலும் ஆவி. கால் ஊனத் தரையே இல்ல. கேக்கிறியா?

ம்.

அந்த ஊரு சூரியனுக்கு முதுகே காட்டாது. ஒரே பக்கம் மூஞ்சியைக் காட்டிக்கிட்டே சுத்தும். அதனால இந்தப் பக்கம் எப்பவும் பட்டப்பகல், அந்தப் பக்கம் எப்பவும் கும்மிருட்டு. வெயிலுகந்தா இருந்தது பகல் பக்கம். அங்க இரும்புக் கரண்டியால குழம்பைக் கிண்டினா, புஸ்ஸ்ஸ்... கரண்டி ஆவியாப் போயிடும். குழம்பு அப்படியே இருக்கும். அது எப்படின்னு என்னைக் கேக்காதே. சுத்துறதும் அவ்ளோ வேகம், ரெண்டே நாள்ல ஒரு வருஷம் முடிஞ்சிடும். பொங்கப்பானையைக் கழுவிக் கவுக்கறதுக்குள்ள அடுத்த பொங்கல்.

அப்புறம் காத்து. ஹூஊஊஊன்னு ஒரே திசையில அடிச்சுக்கிட்டே இருக்கும், நிக்கவே நிக்காது. தரையும் இல்ல, காத்தும் இப்படின்னா என்ன பண்றது? ஊருக்கு நடுவுல ஒரு கயிறு. எதுல கட்டியிருந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. எல்லாரும் ஒரு கையால கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மிச்ச கையால சமைப்பாங்க, தலை வாருவாங்க, சண்டை போடுவாங்க. கல்யாணத்துல தாலி முடிய மாப்பிள்ளை ஒரு கை, நாத்தனார் ஒரு கை. கையை விட்டா என்ன ஆகும்? யாருக்கும் தெரியாது. யாரும் விட்டதே இல்ல.

வெயிலுகந்தாளுக்கு ஒரு கைக்குழந்தை. துணியால இடுப்போட கட்டி வச்சிருப்பா. அது அழுதுச்சு பாரு, அப்படி ஒரு அழுகை. கண்ணு ரெண்டும் செவந்து உள்ள போயிடுச்சு. பால் குடிக்கல. வசம்பு சுட்டு நாக்குல தடவினாங்க. கேக்கல. திருஷ்டி கழிச்சாங்க. கேக்கல. பொறந்தநாள் கொண்டாடினாங்க, எப்படியும் அன்னிக்குப் பொறந்தநாள்தான். அப்பவும் வீல் வீல்னு அழுகை. அவ புருஷன் வெயிலுமுத்துவுக்கு என்ன செய்யறதுன்னே புரியல. அங்க யாருமே தூங்கினதில்லையே. தூக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

அப்போ ஒரு நாள் காத்துல உருண்டுக்கிட்டு ஒரு ஆள் வந்தான். டக்குன்னு கயித்தைப் பிடிச்சுக்கிட்டான். இருட்டுப் பக்கத்துக்காரன், பேரு இருளாண்டி. வந்ததும் வாயை ஆஆஆன்னு பொளந்தான். நம்மளைத் திங்க வந்துட்டான்னு ஊரே காலைச் சுருக்கிக்கிச்சு.

"பயப்படாதீங்க," அப்படின்னான் இருளாண்டி. "எனக்குத் தூக்கம் வருது."

"வருதா? எந்தப் பக்கத்துல இருந்து?" ன்னு கேட்டான் வெயிலுமுத்து.

"இதோ, வந்துக்கிட்டே இருக்கு."

"எத்தனை பேரு? இலை போடணுமே."

நிஜமாவே இலை போட்டுட்டாங்க. எல்லாரும் எட்டி எட்டிப் பாக்குறாங்க. ஒருத்தரும் வரல. இருளாண்டி குழந்தையைப் பாத்தான். "தாயி, இதுக்கு வேணுங்கிறதும் அதான். ஆனா இந்த வெளிச்சத்துல வராது. எங்க பக்கம் நிறையக் கிடக்கு"ன்னான். சொல்லி முடிக்கிறதுக்குள்ள கண்ணு சொக்கி, கை தளந்து, கயித்தை விட்டுட்டான். ஹூஊஊஊ... ஆளைக் காணோம்.

ம்.

அப்புறம் வெயிலுகந்தா புருஷனைப் பாத்தா. "ஏங்க, நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அங்க போறேன்."

"கையை விட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

"அப்ப சரி," ன்னு சொல்லிட்டுக் கையை விட்டுட்டா.

மொதல்ல காத்து. பம்பரமாட்டம் சுத்தி, தலைகீழாக் கவுத்து, கொண்டையை அவுத்து, ஹூஊஊஊ. அவ பிள்ளையைத் துணியோட சேத்து நெஞ்சுல அழுத்திக்கிட்டா. அப்புறம் வெளிச்சம் செவந்துச்சு, மங்குச்சு. அப்போ மழை. என்ன மழை? இரும்பு மழை. பகல் பக்கம் ஆவியாப் போன கரண்டி, கத்தி, தோசைக்கல் எல்லாம் காத்தோட அங்க போய், ஆறி, சொட்டுச் சொட்டா விழுது. சொய்ங், சொய்ங். அவ வில்லா வளைஞ்சு பிள்ளையை வயித்துக்குள்ள ஒளிச்சுக்கிட்டா. முதுகெல்லாம் பொத்துப்போச்சு. வலி தாங்கல, ஆனா பிள்ளை மேல ஒரு சொட்டு விடல.

மழையைத் தாண்டினா இருட்டு. அவ இருட்டைப் பாத்ததே இல்லையா, கண்ணு ரெண்டும் அவிஞ்சுபோச்சுன்னு நினைச்சா. சரி, கண்ணு போனாப் போகட்டும்னு இருந்தா. ஆனா அப்போ குழந்தை அழுகையை நிறுத்திடுச்சு.

தொட்டுப் பாத்தா. கண்ணு மூடியிருக்கு. தூக்குனா கை தொங்குது. கன்னத்தைத் தட்டினா அசையல. "பிள்ளையைக் கொன்னுட்டேனே"ன்னு தேம்பினா.

பக்கத்துலயே கொர்ர்ர்னு ஒரு சத்தம். இருளாண்டிதான், காத்துல மல்லாக்க மிதந்துக்கிட்டு வர்றான்.

"அண்ணாச்சி, பிள்ளை கண்ணைத் தொறக்கல."

அவன் முழிச்சு, கையை நீட்டிக் குழந்தை மூக்குகிட்ட வச்சுப் பாத்தான். "மூச்சு நல்லா வருது தாயி. தூக்கம் வந்துருச்சு, அவ்ளோதான்."

அவ காதை வச்சுக் கேட்டா. குட்டியா ஒரு கொர்ர். அதைக் கேட்டதும் இன்னும் அழுதா, இது வேற அழுகை. "நான் எப்படி அண்ணாச்சி திரும்பிப் போவேன்?"

"சும்மா கிட. மிச்சத்தைக் காத்து பாத்துக்கும்," ன்னு சொல்லிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

சும்மா கிடந்தா. அவளுக்கும் வாய் ஆஆஆன்னு பொளந்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல.

முழிச்சுப் பாத்தா சுள்ளுன்னு வெயில். குழந்தை அவ மூக்கைப் பிடிச்சு இழுத்துச் சிரிக்குது. கீழ பாத்தா அதே கயிறு, அதே ஊரு. உருண்டையாச்சே, காத்து ஒரு சுத்து சுத்திக் கொண்டுவந்து விட்டுடுச்சு. வெயிலுமுத்து கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, அவ போன திசையையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறான். இவ பின்பக்கமா வந்து, ஒரு கையால கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால அவன் தோளைத் தொட்டா.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

அவன் திரும்பினான். அவளைப் பாத்தான், சிரிக்கிற பிள்ளையைப் பாத்தான். பிள்ளையை வாங்க ஆசையா ரெண்டு கையையும் நீட்டினான். ரெண்டு கையையும்!

ஹூஊஊஊ...

ஊரே பதறிடுச்சு. வெயிலுகந்தா மட்டும் குழந்தையை இடுப்புல ஏத்திக்கிட்டு, "பயப்படாம போயிட்டு வாங்க, மழையில மட்டும் குனிஞ்சுக்கங்க, இங்க சோறு எங்க ஆறப்போகுது?"ன்னு சொல்லி மிச்ச கையை ஆட்டினா.

அவனும் இந்நேரம் இருட்டுக்குள்ள போயிருப்பான். கதையும் அவன் பின்னாடியே போயிடுச்சு. நீயும் போ கண்ணு, தூங்கு.