காளானுக்கு எண்ணெய் ஊற்றும் நேரம்

"வந்ததுலேருந்து சொல்றேன், எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசுங்கன்னு. நீங்க என்னடான்னா என்னைக் காளான் கழுவச் சொல்றீங்க."

ஹேமலதா இதைச் சமையலறை வாசலில் நின்று மறுபடியும் சொன்னாள். காலையில் சொன்ன அதே சொற்கள், அதே வரிசை.

உள்ளே மாதங்கி ஒரு ஜாடி மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "கழுவச் சொன்னேன்தான். இன்னும் கழுவலையே அக்கா," என்றார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு மாதங்கிதான் குரு. அவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இராது. சிஷ்யை ஹேமலதாவுக்கு ஐம்பத்தைந்து. சிஷ்யை குருவை அம்மா என்பாள், குரு சிஷ்யையை அக்கா என்பார். ஹேமலதா மாதம் தவறாமல் சேலத்திலிருந்து மலையேறி வந்து தியானத்தில் உட்காருவாள். கண்ணை மூடியபடியே பக்கத்தில் இருப்பவரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். மாதங்கிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

இந்த முறை கணவர் தணிகாசலத்தையும் மகள் வந்தனாவையும் கூட்டி வந்திருந்தாள். கல்யாணமாகி புனேயில் இருந்த வந்தனா, போன மாதம் ஒரு நாள் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். ஏன் வந்தாள் என்று இதுவரை சொல்லவில்லை.

சொல்ல வாயெடுத்தாள்தான். "அம்மா, அங்க நான்..." என்று தொடங்கும்போதே, முதலில் குளி என்றாள் ஹேமலதா. குளித்து வந்ததும் சாப்பிடு என்றாள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், எல்லாம் சரியாகிவிடும், குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், எதிர்வீட்டு மாலினி கோபித்துக்கொண்டு வந்துவிட்டுத் திரும்பிப் போகவில்லையா என்றாள். வந்தனா பேச்சை நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து ஆமாம், வேண்டாம், பசியில்லை, இவ்வளவுதான். பெண் இளைத்துக்கொண்டே போனாள். ஹேமலதாவுக்குப் பயம் வந்துவிட்டது. இவள் இப்படியே ஊமையாகிவிடுவாளோ என்று தணிகாசலத்திடம் கேட்டாள். அவர் காரை எடுத்தார்.

மலைக்கு வந்த பிறகு வந்தனா வாய் திறந்து கேட்டது ஒன்றுதான். காளானை மொறுமொறுவென்று வறுத்துத் தர முடியுமா என்று. ஆசிரமத்துக் கொட்டகையில் விளையும் காளானை, கெட்டுப்போகாமல் இருக்க, உப்புத்தண்ணீரில் போட்டு ஜாடியில் அடைத்து வைத்திருப்பார்கள்.

"அவ வாய் விட்டுக் கேட்டிருக்கா. செஞ்சு குடுங்க," என்றார் மாதங்கி. ஜாடி திறந்துகொண்டது.

ஹேமலதாவுக்கு அது ஒரு வேலையா? வாணலியை வைத்தாள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கடுகு தாளித்து வெங்காயம் வதக்கினாள். காளானைக் கழுவாமலே ஜாடியிலிருந்து அள்ளிக் கொட்டினாள். உப்பில் ஊறியதற்கு, கைப்பழக்கத்தில் இன்னும் ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம் கை ஓயாமல் கிளறினாள்.

மத்தியானம் இலையில் விழுந்தது காளானா செருப்பு வாரா என்று சொல்ல முடியவில்லை. வந்தனா ஒரு துண்டை மென்று பார்த்துவிட்டுத் தண்ணீரோடு விழுங்கினாள். தணிகாசலம் நன்றாக இருக்கிறது என்றார். அவர் எதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். மாதங்கி தனக்குப் போட்டதை மிச்சம் வைக்காமல் தின்று, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"உங்க காளான் சரியில்ல," என்றாள் ஹேமலதா.

"இருக்கும்," என்றார் மாதங்கி.

பொழுது சாயும்போது ஹேமலதா தானாகவே சமையலறைக்குள் வந்தாள். ஏன் மொறுமொறுப்பு வரவில்லை என்று கேட்டாள். குரலில் காலையில் இருந்த காரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எண்ணெய் எப்ப ஊத்துனீங்க?"

"இதென்ன கேள்வி? முதல்லதான்."

"ஏன் முதல்ல?"

வெறும் வாணலியை அடுப்பில் காயவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்றாள் ஹேமலதா. கல்யாணமான புதிதிலேயே மாமியார் சொன்னதாம்.

"அவங்க காளான் செய்வாங்களா?"

"காளானா? வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க."

மாதங்கி சிரித்தார். இரண்டு பேருமாகக் காளானைக் கழுவித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்தார்கள். மாதங்கி அகலமான வாணலியை அடுப்பில் ஏற்றினார். ஒன்றும் ஊற்றாமல். ஹேமலதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். வாணலி காய்ந்ததும் காளானை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் காளான் தண்ணீர் விட்டது. ஒற்றி எடுத்த பிறகும் அவ்வளவு தண்ணீர். ஒவ்வொரு துண்டும் தன் தண்ணீரிலேயே கொதித்தது. ஹேமலதாவின் கை எண்ணெய்ப் பாட்டிலைத் தேடிப் போனது. அது அங்கே இல்லை. மாதங்கி அதை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சமா ஊத்துங்கம்மா. பாவமா இருக்கு."

"இப்ப ஊத்தினா உள்ள இருக்கறது உள்ளயே நின்னுடும். மத்தியானம் அதைத்தானே தின்னோம்."

கரண்டியாவது போடுகிறேன் என்றாள். அதுவும் வேண்டாம் என்றார். தண்ணீரை வடித்துவிடட்டுமா என்றாள். ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதுவாக வற்றட்டும் என்றார்.

"அப்ப நான் என்னதான் செய்யறது? பார்த்துக்கிட்டே நிக்கவா?"

"நிக்க வேண்டாம். உட்காருங்க."

ஹேமலதா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினாள். புனே மாப்பிள்ளையின் சம்பளம், சம்பந்தியம்மாளின் வாய், வந்தனா சின்ன வயதில் மூச்சுவிடாமல் பேசியது, இப்போது அந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது, தான் என்ன குறை வைத்தோம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். மாதங்கி வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஹேமலதாவே நிறுத்திக் கேட்டாள். "எண்ணெய் ஊத்தற நேரம் எப்படித் தெரியும்?"

"சத்தம் மாறும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எப்படிக் கேக்கும்? நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்களே அக்கா."

ஹேமலதாவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மாதங்கி எட்டி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் பாட்டிலோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மாதங்கியின் கை சூடாக இருந்தது. ஹேமலதா வாயை மூடினாள்.

கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. அது தடித்துக் கேட்டது, பிறகு மெலிந்தது. கடைசியில் தண்ணீரே இல்லாத, சருகு மிதிபடுவது போன்ற ஒரு சத்தம் வந்தது. ஹேமலதா நிமிர்ந்தாள். மாதங்கி பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

ஒரு கரண்டி எண்ணெய்தான் ஊற்றினாள். காளான் ஓரம் சிவந்து, மடிந்து, மொறுமொறுத்தது. ஒருமுறை திருப்பிப் போட்டாள். உப்பு டப்பாவைத் தொடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர்கள் நால்வரும்தான். வந்தனா ஒரு துண்டை வாயில் போட்டாள். கடிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்னொன்று எடுத்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்கத் துடித்த ஹேமலதா, தன் சோற்றைப் பிசைந்தாள். தணிகாசலம் மழை வரும்போல இருக்கிறது என்றார். யாரும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளாததால் அவரும் விட்டுவிட்டார்.

வந்தனா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் பேச ஆரம்பிச்சா அவர் டிவி சத்தத்தைக் கூட்டிடுவாரும்மா."

ஹேமலதா கையை நிறுத்தினாள்.

"தினமும். நான் நிறுத்தினதும் குறைச்சிடுவாரு."

இதுக்கா வந்தே? அந்தக் கேள்வி ஹேமலதாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் மாதங்கியைப் பார்த்தாள். மாதங்கி ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். கேள்வியை விழுங்கிவிட்டு, ஹேமலதா நாற்காலியை மகள் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

வந்தனாவுக்கு அழுகை வந்தது. முதலில் சத்தமில்லாமல். பிறகு தோளெல்லாம் குலுங்க, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதாள். அழுகைக்கு நடுவே ஏதேதோ சொன்னாள். பாதி புரிந்தது. ஹேமலதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தணிகாசலத்துக்குத்தான் தாங்கவில்லை. மனைவியைப் பார்த்தார். மாதங்கியைப் பார்த்தார். எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"யாராவது அவள அழாதேன்னு சொல்லுங்களேன்," என்றார்.