முளைக்காத பல்

எல்லப்பனுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்கள் ஐந்து. வரிசை மாறாமல்தான் சொல்வார். நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குவார்.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்காக அதை உடைத்து, ஓடுகளை அவர் கையாலேயே பொறுக்க வைத்தது. இரண்டு, கல்குவாரி வெடியில் அப்பா செத்தபோது, அப்படி ஓர் ஆள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று முதலாளி சாதித்தது. மூன்று, குவாரித் தொழிலாளர் சங்கத்தின் முதல் கூட்டத்தில் ஒலிபெருக்கியின் வயரை அறுத்தது. நான்கு, யாரோ எழுதிய துண்டறிக்கைக்காக அவரைப் பதினோரு மாதம் உள்ளே வைத்தது. சிறைகூட அவருக்குப் பெரிதில்லை. அத்தனை எழுத்துப்பிழைகளோடு அவர் எழுதுவார் என்று போலீஸ் நம்பியதுதான் வலித்தது. ஐந்து, ஆற்றுச் சரளையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த கல்லாகிப்போன எலும்பை, ஓர் அதிகாரி தானே கண்டெடுத்ததாகப் புத்தகத்தில் போட்டுக்கொண்டது.

அறுபத்திரண்டு வயதில் எல்லப்பன் மறுபடியும் அதே ஆற்றங்கரைக்கு வந்தார், பாடம் கேட்க. பழைய எலும்புகளைப் படிக்கத் தெரிந்த பூங்கோதை அங்கே கூடாரம் அடித்துத் தோண்டிக்கொண்டிருந்தார். எல்லப்பனைவிட இருபது வயது இளையவர்.

முதல் நாளே ஐந்து அநியாயங்களையும் சொல்லி முடித்தார் எல்லப்பன். ஆசிரியை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு தூரிகையை நீட்டினார்.

"மெதுவாத் தட்டுங்க தோழர். இங்க இருக்கறவங்க யாரும் ஓடிப் போகமாட்டாங்க."

மூன்று வருடத்தில் நிறையக் கற்றுக்கொண்டார். புருவ மேட்டைத் தடவிப் பார்ப்பார். மண்டை ஓட்டின் தடிப்பை அளப்பார். தாடையில் மோவாய் துருத்தவில்லை என்றால், "இவர் நமக்கு ரொம்ப முன்னாடி ஆள்" என்பார். சரியாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் விடமாட்டார். இளவயதில் படித்த துண்டுப் பிரசுரத்தில் ஒரு படம் இருந்தது. குனிந்த குரங்கு, அதற்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்த ஒருவன், கடைசியில் முழுதாக நிமிர்ந்த மனிதன். எல்லாரும் ஒரே வரிசையில். எந்த எலும்பு கிடைத்தாலும் எல்லப்பனுக்கு அது அந்த வரிசையில் நிற்கும் பாட்டன்தான்.

"அப்படி ஒரே வரிசை கிடையாது தோழர். பல கிளை. நிறையக் கிளை பட்டுப்போச்சு."

"பட்டுப்போயிருந்தா நாம எப்படி டீச்சர் இங்க நின்னு பேசிட்டிருக்கோம்?"

"டீ ஆறுது, குடிங்க" என்பார் ஆசிரியை.

மாசி மாதம் மேல்கரையின் மூன்றாம் குழியில் எல்லப்பன் ஒரு மண்டை ஓட்டைக் கண்டார். தாடையும் கூடவே இருந்தது. சுண்ணாம்பு இறுகிப் பாறையாகி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியையும் சீடருமாக ஊசியால் துகள் துகளாகச் சுரண்டி அதை விடுவித்தார்கள். மூன்று மாதம் ஆயிற்று.

"ரொம்பச் சின்னதா இருக்கே தோழர்" என்றார் ஆசிரியை ஒரு நாள்.

"பட்டினி டீச்சர். எங்க குவாரி ஆளுங்களைப் பார்த்திருந்தா கேட்கமாட்டீங்க."

ஆசிரியை ஓட்டு எலும்புகள் சேரும் கோட்டை மறுபடி பார்த்தார்.

அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய எலும்பு எது கிடைத்தாலும் பெட்டியில் வைத்து மூடுமுன், அதன் விவரம் எழுதிய அட்டையை ஊர்ச் சாட்சிகள் இருவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். எண்ணுக்குக் கீழே ஒரு கூப்பிடு பெயரும் இருக்கும். அதைக் கண்டெடுத்தவர்தான் வைப்பார்.

சேதி ஊருக்குள் போனது. ஊராட்சித் தலைவர் தணிகாசலம், அது தங்கள் வம்சத்தைத் தொடங்கிய வீரனின் தலை என்று சொல்லிப் பட்டுத்துணி வாங்கிவிட்டார். எல்லப்பன் எட்டுப் பக்கத்தில் பேச்சு எழுதினார். தலைப்பு: 'எங்கள் முப்பாட்டன் எழுந்து வந்தான்.' காலனிக்காரர்களுக்கு வம்சம் ஏது என்று கேட்ட ஊரில், காலனியின் முப்பாட்டனை ஒரு தடவை அட்டையில் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசிக்கும் நாள் காலையில் அவர் சலவைச் சட்டையோடு வந்தார்.

"டீச்சர், ஒரே கேள்வி. இவர் எங்க பாட்டனா, தணிகாசலத்தோட பாட்டனா? நீங்க சொன்னா ஊரே கேட்கும்."

ஆசிரியை மணல் தலையணையில் இருந்த தாடையை அவர் பக்கம் திருப்பினார். பின்பக்கம் ஓரிடத்தில் எலும்பு உடைந்து திறந்திருந்தது. அங்கே மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது.

"அதை எடுத்துட்டு நீங்களே சொல்லுங்க."

எல்லப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை எடுத்தார். கால் மணி நேரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தது. அடியில், எலும்புக்கு உள்ளே, ஒரு பல் வெளியே வராமல் உட்கார்ந்திருந்தது. வெள்ளையாக, கொஞ்சமும் தேயாமல்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"இது ரெண்டாவது கடைவாய்ப் பல் ஆச்சே. பன்னிரண்டு வயசுல வர்றது."

"நமக்குப் பன்னிரண்டு. அவங்க இன்னும் சீக்கிரம் வளர்ந்தவங்க."

"அப்போ இது..."

"ஏழு இருக்கும். இல்ல எட்டு."

காற்றில் கூடாரத் துணி அடித்துக்கொண்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஓட்டு எலும்பு சேர்ற தையல் இன்னும் கூடாம இருந்ததைப் பார்த்தப்பவே ஒரு சந்தேகம்."

"சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"நீங்க பேச்சு எழுதிட்டு இருந்தீங்க."

எல்லப்பன் சிரிக்க முயன்றார். வரவில்லை. "அப்போ இது யாருக்கும் பாட்டன் இல்ல."

"இல்ல."

"எனக்கும் இல்ல, அந்த ஆளுக்கும் இல்ல."

"யாருக்கும் இல்ல. இதோட வழி இதோட நின்னுபோச்சு. இந்தப் பக்கம் பாருங்க."

தாடையின் இடப்பக்கத்தில் எலும்பு முடிச்சு விழுந்ததுபோல் புடைத்திருந்தது. எல்லப்பன் விரலால் தடவினார். உடைந்த எலும்பு கூடினால் எப்படி இருக்கும் என்று குவாரிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உடைஞ்சு கூடியிருக்கு" என்றார். "நல்லாக் கூடியிருக்கு. மாசக்கணக்கு ஆகியிருக்கும். அதுவரைக்கும் இது எப்படி மென்னுது?"

"மெல்லலைன்னு நினைக்கறேன். அந்தப் பக்கப் பல்லு தேயவே இல்ல."

"யாரோ மென்னு ஊட்டியிருக்காங்க."

"எலும்பு அதை எழுதி வைக்கல தோழர். குழந்தை பிழைச்சுக் கிடந்ததுன்னு மட்டும்தான் எழுதியிருக்கு."

எல்லப்பன் அந்த முடிச்சிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவர்போலக் கேட்டார்.

"பாட்டன் இல்லன்னா, நான் இதுக்கு என்ன முறை வேணும் டீச்சர்?"

ஆசிரியை எழுதாத அட்டையை அவர் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"நாற்பது வருஷமா எல்லா மேடையிலயும் பேரனாவே நின்னு பேசிட்டீங்க. இன்னிக்கு ஒரு நாள் பெரியவரா இருந்து பாருங்க."

பத்து மணிக்குச் சாட்சிகள் வந்தார்கள். ஊர்ப் பக்கம் தணிகாசலம், கையில் பட்டுத்துணியோடு. காலனிப் பக்கம் எட்டியம்மா, களையெடுப்பிலிருந்து சேறு கழுவாத காலோடு. பின்னால் இரண்டு தெரு ஜனமும், இடைவெளி விட்டு.

"என்ன தோழர், பேச்சு எட்டுப் பக்கம்னு கேள்விப்பட்டேன்" என்றார் தணிகாசலம். "சாப்பாட்டுக்குள்ள முடியுமா?"

"பேச்சு இல்ல. அட்டை மட்டும்தான்."

"நீயா பேச்சை விடுறே?" என்றாள் எட்டியம்மா. "உடம்புக்கு ஏதும் இல்லையே அண்ணா?"

"சும்மா இரு."

அவர் அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஒலிபெருக்கி இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசிய குரல் அது. இப்போது பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலத் தணிந்திருந்தது.

"மேல்கரை, மூன்றாம் குழி. மண்டை ஓடும் தாடையும். வயது ஏழு அல்லது எட்டு."

தணிகாசலம் நிமிர்ந்தார். "வயசு எவ்வளவுன்னீங்க?"

"ஏழு அல்லது எட்டு" என்று மறுபடி வாசித்தார். "ஆணா பெண்ணா தெரியாது. இடத் தாடை உடைந்து, கூடியிருக்கிறது. கூடிய பிறகும் சில காலம் உயிரோடு இருந்தது."

எட்டியம்மா தலைச்சும்மாட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். தணிகாசலம் பெட்டிக்குள் பார்த்தார். பட்டு அவருடைய அக்குளுக்குள் போனது.

"யாரு பிள்ளை?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை.

எல்லப்பன் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை அட்டையைக் காட்டினார், மிச்சத்தையும் வாசிக்கும்படி.

"கூப்பிடு பெயர்" என்று வாசித்தார் எல்லப்பன். குரலை உயர்த்தி, இரண்டு தெருவுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"கண்ணு."