தமயந்தியின் நம்பர்

பாளையங்கோட்டையில் ஒரு தெரு. அந்தத் தெருப் பெண்கள் யார் பெரிய கடைக்குப் போனாலும், பில் போடுகிறவள் "நம்பர் சொல்லுங்க" என்றதும் தமயந்தியின் செல்போன் நம்பரைத்தான் சொல்வார்கள். கடை அட்டை அவள் பேரில் இருந்தது. பாயிண்டெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் பெரிய குக்கர் கிடைக்கும், தெருவில் விசேஷத்துக்கு ஆகும் என்று கூடிப் பேசிய ஏற்பாடு. அடேயப்பா, என்ன சாமர்த்தியம் என்று நாமும் மெச்சியிருப்போம்!

தமயந்தி புருஷனை இழந்தவள். தையல் மிஷினை நம்பி, கொழுந்தன் சிதம்பரநாதன் விட்டுக்கொடுத்த வீட்டில் வாடகையில்லாமல் இருந்தாள்.

பக்கத்து வீட்டு இசக்கிதேவிக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மறுபடி உண்டானபோது தமயந்தியிடம் மட்டும் சொன்னாள். "மூணு மாசம் தாண்டுற வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுக்கா. சத்தியம் பண்ணுங்க." தமயந்தி அவள் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

இசக்கி அந்த வாரமே கடையில் கர்ப்பிணிகளுக்கான சத்துமாவு வாங்கினாள். நம்பர் கேட்டார்கள். பழக்கதோஷம், தமயந்தியின் நம்பர் வாயில் வந்துவிட்டது.

சிதம்பரநாதன் வந்திருந்த ஒரு நாள், மேஜைமேல் கிடந்த போனில் செய்தி வந்தது. எடுத்து வாசித்தவர் முகம் கறுத்தது. 'தமயந்தி அவர்களே, தாயாகப் போகும் உங்களுக்கு வாழ்த்துகள்! சத்துமாவு சலுகை விலையில்.'

"என்ன மதினி இது?" தெருவுக்கே கேட்டது.

"நான் இல்ல தம்பி. தெருவே என் நம்பரைத்தான் சொல்லுது."

"அப்ப யாரு? பேரைச் சொல்லுங்க, கூப்பிட்டுக் கேப்போம்."

சத்தம் கேட்டு இசக்கி தன் வாசலுக்கு வந்தாள். பாவி, ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று தமயந்தி அவளையே பார்த்தாள். இசக்கி வயிற்றைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டாள். தமயந்தியும் வாயைத் திறக்கவில்லை.

"வீட்டைக் காலி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தமயந்தி கடைக்கு ஓடி மேனேஜரிடம் அழுதாள். தப்பாக அனுப்பியதாக எழுதித் தரச்சொல்லிக் கெஞ்சினாள். "கம்ப்யூட்டர் தானா அனுப்புறது மேடம். நம்பரும் உங்களது, பாயிண்டும் உங்களுக்குத்தானே ஏறுது?" என்றார் அவர். மனவருத்தத்துக்காகக் கொஞ்சம் பாயிண்டு கூட்டிக் கொடுத்தார்.

பெரியோர்களே, தமயந்தி சத்தியத்தைக் காத்தாள். இசக்கி பிள்ளையைக் காத்தாள். கடை தன் வியாபாரத்தைப் பார்த்தது. இதில் தப்பு செய்தது யார்?

விடை: கடைதான். ஒருத்தி வயிற்றுச் சங்கதியை அவளைக் கேட்காமல் ஊகித்து, விலை பேசியது அது ஒன்றுதான். ஆனால் கூப்பிட்டு நிறுத்திக் கேட்க அதற்கு ஒரு முகம் இல்லையே, என்ன செய்ய! மூன்று மாதம் தாண்டியதும் இசக்கி சிதம்பரநாதனிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லி அழுதாள். அதற்குள் அவர் அந்த வீட்டுக்கு வேறு ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். தமயந்தி இப்போது ஊர்க் கோடியில் ஓர் ஒற்றை அறையில் தைத்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அவளுக்கு ஒரு செய்தி வந்தது: 'தமயந்தி அவர்களே, வளைகாப்புக்கு வளையல் வாங்கிவிட்டீர்களா?'