பிறந்தநாள் பவனியும் பொங்கல் கைதும்

சிப்பிக்கரை நாட்டில் விடுமுறைக்குப் பஞ்சமே கிடையாது. உழவர்களுக்குப் பொங்கல், நெசவாளர்களுக்கு மாரியம்மன் தேர், கப்பல் வணிகர்களுக்கு நோன்புப் பெருநாள், மீனவக் குப்பத்துக்கு மாதா கோயில் திருவிழா. வேடிக்கை என்னவென்றால், பண்டிகை யாருடையதாக இருந்தாலும் ஊரே சேர்ந்து கடையடைத்துவிடும். ஒரு தெருவில் பிரியாணி வெந்தால், மற்ற தெருக்காரர்கள் கைகழுவிக்கொண்டு நிற்பார்கள்.

மன்னர் கடம்பராயருக்கும் இதில் வருத்தம் இருந்ததில்லை. ஓர் ஆடிப்பெருக்கு அன்றுதான் வினை வந்தது. பக்கத்து நாட்டு அரசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அவரிடம் தன் முத்துமாலையைக் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று மன்னர் கஜானாவுக்கு அழைத்துப் போனார். கதவில் பூட்டு தொங்கியது. சாவி வைத்திருந்த அதிகாரி குடும்பத்தோடு ஆற்றங்கரையில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் கஜானாவைத் திறக்க உங்களுக்கே நல்ல நாள் பார்க்க வேண்டுமோ?" என்று விருந்தாளி சிரித்தார்.

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. திவான் ஏகாம்பரம் இதற்காகவே காத்திருந்தவர். மேளம், சிரிப்பு, கூட்டம் எதுவும் அவருக்கு ஆகாது. "இந்த நாட்டில் வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான், மகாராஜா!" என்று எண்ணெய் ஊற்றினார்.

அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். "இனி விடுமுறை கிடையாது! வேலை நேரத்தில் வேலையிடத்தை விட்டு வெளியே வருபவருக்குச் சிறை!"

தீபாவளி வந்தது. ஊரில் ஒரு வெடிச் சத்தம் இல்லை. குப்பத்துக்காரர்கள் திருவிழா அன்றும் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அரசவைப் புலவர் செங்கமலத்துக்கு மனசு கேட்கவில்லை. நேரே மன்னரிடம் போனாள்.

"மன்னா, இந்த விடுமுறை விஷயம்..."

"போதும்! அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து இன்னொரு முறை வந்தால், நீங்கள் இந்த அவைக்கு வர வேண்டியதில்லை!"

திவான் மீசைக்குள் சிரித்தார். செங்கமலம் வாயை மூடிக்கொண்டாள். மூளையை மூடச் சொல்லி யாரும் ஆணையிடவில்லையே!

மார்கழியில் மன்னரின் பிறந்தநாள். ஆண்டுதோறும் அவர் யானைமேல் பவனி வருவார். மக்கள் பூத்தூவி 'வாழ்க' சொல்வார்கள். அந்த ஒரு நாளுக்காகவே ஆண்டு முழுவதும் மன்னராக இருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

பவனிக்கு முந்தின நாள் செங்கமலம் நெசவாளர் தெருவுக்குப் போனாள்.

"நாளைக்கு மகாராஜாவைப் பார்க்க வரலாமா அம்மா?" என்று கேட்டார் நெசவாளர் முத்தையன்.

"ஐயையோ! அரசாணை என்ன ஆவது? யானையே வாசலில் வந்து நின்றாலும் தறியை விட்டு எழுந்திருக்காதீர்கள்." சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினாள். முத்தையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். மற்றத் தெருக்களிலும் இதையே சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் யானை புறப்பட்டது. மன்னர் இரண்டு கையையும் கூப்பியபடி வீதிக்குள் நுழைந்தார். வீதியில் ஈ காக்கை இல்லை. தறிச் சத்தம்தான் கேட்டது. தோரணத்து மாவிலையை ஒரு வெள்ளாடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மன்னர் பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

"எங்கே என் மக்கள்?"

"வேலையில் இருக்கிறார்கள், மன்னா. உங்கள் ஆணையைக் கண்ணாகப் போற்றுகிறார்கள்," என்றாள் பின்னால் பல்லக்கில் வந்த செங்கமலம்.

"கூப்பிடுங்கள்!"

"வந்தால் சிறையாயிற்றே! அவர்கள் வெளியே வர ஒரு சொல் இருக்கிறது. அதை நான் சொல்லக் கூடாது."

ஆடு இரண்டாவது தோரணத்துக்கு வந்தது. மன்னருக்குப் பொறுமை போய்விட்டது. யானைமேலிருந்தே கத்தினார். "கொண்டாட்ட நாளில் எவனாவது வேலை செய்வானா? விடுமுறை! விடுமுறை! கொண்டாட்ட நாளில் வேலை செய்கிறவனைப் பிடித்துச் சிறையில் போடுங்கள்!"

செங்கமலம் தண்டோராக்காரர் பக்கம் திரும்பினாள். "கேட்டீர் அல்லவா? மன்னர் வாக்கு. ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் அடியும்."

தண்டோரா முழங்கியது. தறிகள் நின்றன. வீதி நிறைந்து வழிந்தது. 'வாழ்க' என்ற சத்தத்தில் மன்னர் தான் என்ன சொன்னோம் என்பதையே மறந்துபோனார்.

தை பிறந்தது. பொங்கலன்று ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. வாசலெல்லாம் கோலம், கரும்பு, பானை. திவான் ஏகாம்பரம் மட்டும் விறைப்பாகத் தன் அலுவல் மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்தார். உடனே இரண்டு காவலர்கள் உள்ளே வந்தார்கள்.

"எழுந்திருங்கள் ஐயா. சிறைக்குப் போகலாம்."

"என்ன உளறல்! நான் என் வேலையைத்தானே செய்கிறேன்?"

"அதுதான் ஐயா குற்றம்."

"அப்படியானால் நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள்? இதுவும் வேலைதானே?"

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்களைப் பிடிப்பது எங்களுக்குக் கொண்டாட்டம், ஐயா!"

அரண்மனை முற்றத்தில் மன்னர் பானையில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திவானைக் கையும் எழுத்தாணியுமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"யார் போட்ட ஆணை இது?"

"தாங்கள் போட்டதுதான், மன்னா," என்றாள் செங்கமலம்.

"அது என் பிறந்தநாளுக்கு அல்லவா!"

"பிறந்தநாள் என்று தாங்கள் சொல்லவில்லையே. கொண்டாட்ட நாள் என்றீர்கள். ஊரில் இன்று கொண்டாடாதவர் திவான் ஒருவர்தான்."

மன்னர் திவானைப் பார்த்தார். எழுத்தாணியைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. "ஏகாம்பரம், சிறையா கரும்பா? நீரே சொல்லும்."

திவான் கரும்பை வாங்கிக் கடித்தார். ருசியாக இருந்திருக்க வேண்டும், இன்னொரு துண்டும் கேட்டார்.

"ஆணை அப்படியே இருக்கட்டும்!" என்றார் மன்னர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செங்கமலம், என்ன பரிசு வேண்டும்? கேளுங்கள், இப்போதே தருகிறேன்."

செங்கமலம் பதறிப்போய்க் காவலர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்போது வேண்டாம், மன்னா! பரிசு கொடுப்பது அரசர் வேலை. தங்களையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக்கு மாட்டுப் பொங்கல், மறுநாள் காணும் பொங்கல். அதெல்லாம் முடியட்டும், வண்டி கட்டிக்கொண்டே வருகிறேன்!"