அவரைப் பந்தலில் இருபத்தெட்டாவது புழு

"அம்மா, அவரைக் கொடியை இன்னிக்கு வேரோட பிடுங்கிடட்டுங்களா?"

கேட்டவர் நாச்சிமுத்து. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். அறுபது தாண்டி ஆசிரமத்துக்கு வந்து, தன் வயசில் பாதிகூட இல்லாத மரகதத்துக்குச் சீடரானவர்.

"ஏனுங்கண்ணா?"

"கொழுந்து பூரா அசுவினிப் பேனுங்க. கருகருன்னு அப்பி, சாறைக் குடிச்சே சுருட்டிப்போடுச்சு. பொங்கலுக்கு அவரைக்காய் நம்முளுதுன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன். இனி ஒரு பிஞ்சு நிக்காது."

"அதுக்கு என்ன பண்ணுனீங்க?"

"தினமும் விடிஞ்சதும் புழுப் பொறுக்கறேன். பேனுக்கு நடுவுல பச்சையா, வழவழன்னு இருக்குதுங்க. இன்னிக்கு மட்டும் இருபத்தேழு. ஒண்ணு விடாம நசுக்குனேன். அப்படியும் பேன் கூடிட்டேதான் போகுது."

மரகதம் பந்தலுக்குப் போனார். இலைகளைத் திருப்பிப் பார்த்தார். தப்பிய புழு ஒன்று இருந்தது.

"இதை நசுக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் பாத்துட்டு இருங்க."

"நின்னே பொழச்சவனுங்க நான். உக்காந்து பாக்கற பழக்கமே இல்லீங்களே."

"சீட்டு காலியாத்தான் இருக்குது." முக்காலியைத் தள்ளிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

நாச்சிமுத்து பார்த்தார்.

புழுவுக்குக் கால் இல்லை. கண் இல்லை. தலை என்று சொல்லவும் ஒன்றும் இல்லை.

கூரான முன்பக்கத்தை இப்படியும் அப்படியும் வீசித் தடவியது. ஒரு பேன் தட்டுப்பட்டது. கவ்வி, அந்தரத்தில் தூக்கி, உறிஞ்சியது. வெறுந்தோலைக் கீழே போட்டது.

மறுபடி தடவியது.

மரகதம் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"பதினாலு தின்னுடுச்சுங்க. எனக்கு வேலை செய்ய வந்தவங்களையே தினமும் கொன்னிருக்கேன். மிச்சம் இது ஒண்ணு. இனி யாரு வருவா?"

மரகதம் பந்தல் பக்கம் விரலை நீட்டினார்.

வயிற்றில் மஞ்சள் வரி ஓடிய சின்ன ஈ ஒன்று அவரைப் பூவில் தேன் குடித்துவிட்டு வந்தது. காற்றில் கட்டிவைத்தாற்போல் அசையாமல் நின்றது. இருப்பதிலேயே அதிகமாகப் பேன் மொய்த்த கொழுந்தில் ஒரு நொடி உட்கார்ந்தது. பறந்துவிட்டது.

அந்த இடத்தில் குருணையைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு முட்டை.

"இந்தப் புழுவோட அம்மாளுங்களா அது?"

"இந்தப் புழுவும் அப்படித்தான் பறக்கப்போகுது."

நாச்சிமுத்து முட்டையையே பார்த்தார்.

"ஏனுங்கம்மா, பூவு பூவாப் போயித் தேன் குடிக்கறவ. பந்தல் ஓரத்துல நல்ல கொழுந்தும் நாலு இருக்குது. இந்தச் சீக்குப் புடிச்ச கொழுந்துலயா கொண்டாந்து பிள்ளைய விடுவா?"

மரகதம் சிரித்துவிட்டார்.

"நல்ல கொழுந்துல என்னங்கண்ணா இருக்குது, பிள்ளை திங்கறதுக்கு?"