விரால் விழுங்கிய குரல்

அந்தக் காலத்தில் மண்புழுவுக்கும் வாய் இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத வாய். தூண்டில் முள்ளில் கோத்துத் தண்ணீரில் இறக்கினால் போதும், "ஐயையோ, இங்க முள்ளு இருக்கு, யாரும் கிட்ட வராதீங்க!" என்று கண்மாய் முழுக்கக் கேட்கும்படி கத்தும். மீன்கள் சிரித்துக்கொண்டே விலகிப் போகும். தூண்டில்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டு கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர்களின் பிழைப்பு அந்த அழகில் இருந்தது.

அப்படி ஒருவன்தான் சாத்தையா. அவன் பெண்டாட்டி இருளாயி பிள்ளை பெற்று ஆறு நாள் ஆகியிருந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்தான் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தாள். பிள்ளை மாரில் வாய் வைத்துப் பார்த்து, பால் இல்லாமல் அழுதது. மருத்துவச்சி நாடி பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"உடம்புல ரத்தமே இல்லப்பா. நாளைக்குப் பொழுது அடையிறதுக்குள்ள விரா மீனு சாறு உள்ள போகணும். இல்லேன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாத்தையா கண்மாய்க்குப் போனான். கரையில் நின்ற பறவைகளைப் பார்த்துக் கை கூப்பினான்.

"பேசாத இரை ஒண்ணு வேணும். உங்ககிட்ட இருக்கா?"

பறவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. காக்கைதான் முதலில் சொன்னது: "எங்க உடம்புல பேசாதது இறகு மட்டுந்தான் அப்பு. எடுத்துக்க. என்னுதை மசங்குற நேரத்துல இறக்கு. இருட்டுற தண்ணிக்குக் கருப்பு."

"கலங்கல் தண்ணிக்கு வெள்ளை" என்று கொக்கு தன் இறகைக் கொடுத்தது.

சேவல் மட்டும் தயங்கியது. "என் கழுத்துச் செவப்பு பொல்லாதது அப்பு. தெளிஞ்ச தண்ணியில உசுரு வந்த மாதிரி நெளியும். ஆனா விரா செவத்த குஞ்சோட திரியிற மாசத்துல மட்டும் இதை நனைச்சிராத."

"ஏன்?"

"பெத்தவ கண்ணுக்குச் செவப்பு வேற மாதிரி தெரியும்" என்றது சேவல். சொல்லிவிட்டுக் கழுத்திறகைப் பிடுங்கிக் கொடுத்தது.

சாத்தையா வீட்டுக்கு வந்து ஈயத்தை உருக்கினான். ஒவ்வொரு முள்ளின் கழுத்திலும் மிளகளவு குண்டு வைத்து, அதன் மேல் இறகைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினான். ஒன்றை எடுத்து இருளாயியின் பாய் ஓரத்தில் இருந்த சட்டித் தண்ணீரில் விட்டான். இருவரும் பார்த்தார்கள். காய்ந்து சுருண்டு கிடந்த இறகு தண்ணீர் பட்டதும் மெல்ல விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. செத்த இறகு மூச்சு விட்டது.

இருளாயி சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏங்க, ஒவ்வொண்ணையும் எப்ப இறக்கணும்னு ஒரு சொல்லு இருக்குன்னீங்கள்ல. பிரிச்சுப் பிரிச்சு வைங்க."

"விடியட்டும் புள்ள" என்றான் அவன். அத்தனை முள்ளையும் ஒரே கலயத்தில் போட்டு மூடினான்.

விடிந்தது. கண்மாய் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தடியில் ஒரு பெரிய விரால் புரண்டது. சாத்தையா கலயத்துக்குள் கையை விட்டான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை நுழையாது, அது கலயம். முள்ளும் நூலும் இறகும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கிடந்தன. வெள்ளையை இழுத்தால் கருப்பு வந்தது, கருப்பை இழுத்தால் விரலில் குத்திற்று. கடைசியில் தனியாகக் கையோடு வந்தது ஒன்றே ஒன்று. அது சிவப்பு.

கார்த்திகை மாதம், விரால் குஞ்சோடு திரியும் காலம். சேவல் சொன்னது அவனுக்கு நினைவு வரத்தான் செய்தது. ஆனால் சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்தால் மீன் போய்விடும், மீன் போனால் இருளாயி போய்விடுவாள். கற்றாழை நாரில் சிவப்பைக் கட்டி வீசினான்.

கருவேல மரத்தடியில் தாய் விரால் தன் குஞ்சுகளை மேய்த்துக்கொண்டிருந்தது. அரிசி அரிசியாய், சிவக்கச் சிவக்க, நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். "வாங்கடா, கூடி வாங்கடா" என்று அது குரல் கொடுக்க, கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும். அப்போதுதான் ஒரு சிவப்பு தனியாக நெளிந்து நெளிந்து கீழே இறங்குவதை விரால் கண்டது.

"ஏ கடைக்குட்டி, தனியா எங்கடா போற?"

பல் படாமல், குஞ்சுக்கு வலித்துவிடாதபடி, உதட்டால் மட்டும் மெதுவாகக் கவ்வியது. அப்படி ஒரு மெதுவான இழுப்பைச் சாத்தையா தன் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. சுண்டி இழுத்துக் கரையில் போட்டான்.

"எம்புள்ள எங்க?" என்று கேட்டது விரால்.

அதன் உதட்டோரத்தில் ஈர இறகு தொங்கியது. விரால் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கத்தியது: "மக்கா! மக்கா!"

அம்மா கூப்பிட்டால் பிள்ளைகள் வராமல் இருக்குமா? தண்ணீர் சிவந்து கரையை நோக்கி வந்தது. வந்த வேகத்தில் முதல் வரிசை சேற்றில் ஏறிற்று. அடுத்த வரிசை அதன் மேல் ஏறிற்று. சேறெல்லாம் சிவப்பாய்த் துடித்தது. சாத்தையா பதறிப் போய் இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தண்ணீரில் விட்டான். தாய் அழுத சத்தம் கேட்டு அவை மறுபடியும் ஏறி வந்தன.

அப்போது விரால் தன் குஞ்சுகளைக் கண்டது. தன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவை சாக வருகின்றன என்று அதற்குப் புரிந்தது. திறந்த வாயைப் பட்டென்று மூடியது. தொண்டையில் இருந்த குரலை அப்படியே விழுங்கியது. மறுபடி வாயைத் திறந்தபோது சத்தம் இல்லை. மூடியது, திறந்தது. சத்தமே இல்லை.

குஞ்சுகள் காத்திருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. மெல்லத் தண்ணீருக்குள் திரும்பின. கரையில் காக்கையும் கொக்கும் அசையாமல் நின்றன. கண்மாயின் மீன்களெல்லாம் தலையை மேலே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை பெரிய அமைதியை உலகம் அதற்கு முன் கேட்டதில்லை.

சாத்தையாவின் கையில் இருந்தது அவன் பெண்டாட்டியின் உயிர். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். முள்ளைக் கழற்றினான். விராலை இரு கையிலும் ஏந்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போய் விட்டான். அது நேரே போய்க் குஞ்சுகளுக்கு அடியில் நின்றுகொண்டது.

வெறுங்கையோடு வந்தவன் நடந்ததை எல்லாம் சொன்னான். இருளாயி பிள்ளையின் தலையைத் தடவியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கொண்டாந்திருந்தா எனக்குத் தொண்டையில இறங்கியிருக்காது. அந்தக் கலயத்தை இங்கிட்டு எடுங்க."

படுத்தபடியே ஒவ்வொரு முள்ளாய்ச் சிக்கெடுத்தாள். இரண்டு முறை கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தி, மறுபடி எடுத்தாள். சோளத்தட்டையை உரித்துத் தரச் சொல்லி, உள்ளே தக்கை போல மெத்தென்றிருந்த வெண்மையான சோற்றில் வெள்ளையை ஒரு வரிசையாகவும் கருப்பை ஒரு வரிசையாகவும் குத்தினாள். தட்டைகளை ஓலைப் பெட்டிக்குள் அடுக்கினாள். சிவப்பை மட்டும் மூடியின் உள்பக்கம் குத்தினாள்.

"அது எதுக்கு அங்க?"

"தெறந்ததும் மொதல்ல கண்ணுல படணும். கை போறதுக்கு முந்திக் கண்ணு போகட்டும்."

பொழுது மசங்கும் நேரம் அவன் பெட்டியைத் திறந்தான். மூடியில் சிவப்பைப் பார்த்தான். ஒரு கணம் நின்றான். பிறகு கருப்பை எடுத்து, குஞ்சுகள் இல்லாத மதகுப் பக்கமாக வீசினான். தனியாகத் திரிந்த கிழட்டு விரால் ஒன்று ஆவேசமாய்க் கவ்விற்று. கரையில் போட்டுவிட்டு, அது என்ன சொல்லப் போகிறதோ என்று சாத்தையா குனிந்து பார்த்தான். அது வாயைத் திறந்தது, மூடியது. ஒரு சொல் இல்லை. காலையில் பார்த்ததை ஒரே பகலில் அந்தக் கண்மாயின் மீன்களெல்லாம் கற்றுக்கொண்டிருந்தன. மண்டியிட்டு அந்த மீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இருளாயி சாறு குடித்தாள். மறுநாள் காலையில் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிற்று. மீன்கள் பேச்சை விட்ட பிறகு, தன் கத்தலுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத மண்புழுவும் சில நாளில் வாயை மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் தூண்டில்காரர்கள் முள்ளை நிறம் பிரித்து வரிசை வரிசையாகக் குத்தி, சிவப்பை மூடிக்குள் தனியே வைக்கிறார்கள். விரால் குஞ்சுகளை விட்டு விலகாமல் அடியிலேயே சுற்றுவதும் அன்று முதல்தான். கூப்பிடக் குரல் இல்லாவிட்டால் கூடவே இருந்துதானே ஆக வேண்டும். கரையில் எடுத்துப் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, அதுவும் அன்று முதல்தான். அது தன் பிள்ளைகளைக் கூப்பிடுகிறது. கேட்டு வந்துவிடப் போகின்றனவே என்று சத்தமில்லாமல் கூப்பிடுகிறது.