கரும்பலகை ஓரத்துக் கட்டம்

"சார், ஓர் உதாரணம்கூட இல்ல," என்றாள் செண்பகவல்லி.

ஜெபநேசன் சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தேடுங்கம்மா. கிடைக்கும்."

"கிடைக்கலன்னு சொல்லல சார். இல்லன்னு சொல்றேன்."

பேனா நின்றது.

செண்பகவல்லி கணித ஆய்வு மாணவி. வழிகாட்டியான ஜெபநேசனைவிட வயதில் மூத்தவள். சாத்தூரில் பள்ளிக்கூட வேலை, அதுவும் நிரந்தர வேலை, அதை உதறிவிட்டு வந்தவள். "கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. விடுதி, சாப்பாடு எல்லாம் உதவித்தொகையில்தான். அது இந்த மாதத்தோடு முடிகிறது. நாளை உதவித்தொகைக் குழுவின் முன் பேச வேண்டும். அவர்கள் தலையாட்டினால் நீட்டிப்பு உண்டு. ஆட்டாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவளுடைய ஆராய்ச்சி ஒருவகைக் கணிதச் சார்புகளைப் பற்றியது. சில நிபந்தனைகளுக்கு அடங்கும் சார்புகள். அவற்றைப் பற்றித் தேற்றம் மேல் தேற்றமாக நிரூபித்திருந்தாள். துறையில் கேலியாக அவற்றுக்குச் 'செண்பகச் சார்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

"எப்படித் தெரிஞ்சது?"

"திறன் மேம்பாட்டுப் பயிலரங்குக்குக் கண்டிப்பா போகணும்னு அனுப்பினீங்களே. அங்க, ஆராய்ச்சிய எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்கன்னாங்க. குறியீடு கூடாது, ஓர் உதாரணம் காட்டுங்கன்னாங்க. அட, இதென்ன பிரமாதம்னு உக்காந்தேன் சார்."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"எழுதுங்க," என்றார்.

அறையின் கரும்பலகையில் எழுதினாள். அரைப் பலகைகூட ஆகவில்லை. அந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. அப்படி ஒரு சார்பு இருக்கவே முடியாது.

சார் படித்தார். மறுபடியும் படித்தார்.

"சரிதான்."

"அப்ப என் தேற்றமெல்லாம் தப்பா?"

"ஒண்ணுகூடத் தப்பில்ல."

"எதைப் பத்தின தேற்றம் சார் அதெல்லாம்?"

பலகையின் காலியான பாதியை அவர் கையால் காட்டினார்.

அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு. அது சாரின் வழக்கம். யார் தேற்றம் கொண்டுவந்தாலும் முதலில் கட்டத்துக்குள் ஓர் உதாரணம் எழுத வேண்டும். எழுதினால்தான் மற்றதைப் படிப்பார். கெஞ்சினாலும் நடக்காது.

இப்போது அந்தக் கட்டத்துக்குள் உதாரணம் இல்லை. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள், பயிலரங்குத் தேதி, சான்றிதழ் தரும் அலுவலகத்தின் தொலைபேசி எண். எல்லாம் சாரின் கையெழுத்து.

"எல்லார்கிட்டயும் கேப்பீங்க. என்கிட்ட மட்டும் ஏன் சார் கேக்கல?"

"விண்ணப்பத்துக்கு நாள் இல்ல. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த விண்ணப்பம் வந்துச்சு."

அவள் வாய்விட்டு அழுதாள். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"நாளைக்கு வர்ற குழுவுல யாருக்கும் இந்தக் கணிதப் பிரிவு தெரியாது," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "யாரும் உதாரணம் கேக்க மாட்டாங்க. நானா வாயைத் திறக்கணுமா சார்?"

சார் எழுந்தார். கட்டத்துக்குள் இருந்ததையெல்லாம் உள்ளங்கையால் அழித்தார். கையைத் தட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

நல்ல மனுஷன், போங்கள்! பேசு என்கிறாரா, பேசாதே என்கிறாரா? வாயால் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மறுநாள் செண்பகவல்லி அழகாகவே பேசினாள். பயிலரங்கில் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்றாள், எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசினாள், நேரத்துக்கு முடித்தாள். உதாரணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"பிரமாதம்," என்றார் குழுத் தலைவர். பேனாவைத் திறந்தார். "கேள்வி யாருக்காவது உண்டா?"

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

ஜெபநேசன் சார். தன் மாணவியிடமே வழிகாட்டி கேள்வி கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓர் உதாரணம் சொல்லுங்கம்மா."

பாவி மனுஷா, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"இல்ல சார்."

"கிடைக்கலையா, இல்லையா?"

தலைவரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. 'கிடைக்கலை' என்று சொன்னால் போதும். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இல்லவே இல்ல," என்றாள்.

பலகைக்குப் போய் நேற்று எழுதியதை எழுதினாள். முடித்ததும், பழக்கதோஷம், ஓரத்தில் ஒரு கட்டம் போட்டாள். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

தலைவர் பேனாவை மூடினார்.

"இத முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா ஜெபநேசன்?"

"கேட்டிருக்கணும்."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியாகப் போனவர் பழக்கத்தில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் போனார்.

"வேலையும் போச்சு, இதுவும் போச்சு," என்றாள் செண்பகவல்லி. "இந்த வயசுல நான் எங்க சார் போவேன்?"

சார் பலகைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு, புதுத் தேற்றம் ஒன்றைப் படிப்பதுபோல, மேலே முதல் வரியிலிருந்து மெல்லப் படித்துக்கொண்டு வந்தார்.

"மூணாவது வரிக்குக் காரணம் எழுதலையே," என்று சாக்பீஸை அவளிடம் நீட்டினார்.